சொல் விளக்கம்: கமிஷன்

கேரட் மூட்டையை மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பும் நீலகிரி விவசாயிக்குக் கமிஷன் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். கூலி, வாடகை, கமிஷன் எல்லாம் சீட்டிலேயே கழித்து எழுதப்பட்டிருக்கும். இதற்குத் தமிழில் தரகு என்ற நல்ல சொல் இருக்கிறது.

வீடு கட்டும் இடத்தில் சீட்டு இல்லை. கோத்தகிரியில் அண்ணன் கட்டும் வீட்டுக்கு டைல்ஸ் பார்க்கக் கோவை போயிருந்தோம். விலை கேட்டதும் கடைக்காரர், "ஆர்க்கிடெக்ட் யாருங்க?" என்றார். பெயரைச் சொன்ன பிறகுதான் விலை வந்தது: சதுர அடி 60 ரூபாய். அண்ணன் விடாமல் கேட்கவும், "அவருக்குப் பத்து பர்சன்ட் இதுக்குள்ளயே இருக்குங்க" என்று தணிந்த குரலில் சொன்னார்.

கமிஷனுக்கு வேர் லத்தீனில் இருக்கிறது. ஒன்றை நம்பி ஒப்படைப்பது என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. விசாரணை கமிஷன் (ஆணையம்) அந்தப் பொருளில்தான். வீட்டு வடிவமைப்பைக் கட்டடக் கலைஞரிடம் ஒப்படைப்பதையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். நம்பி ஒப்படைத்ததும் கமிஷன், அந்த நம்பிக்கையை விற்றதும் கமிஷன் என்றால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

கடைக்காரர் விலையில் விட்டுக்கொடுப்பது கழிவு. அது பணம் கட்டுபவருக்குச் சேர வேண்டியது. அவருக்குத் தெரியாமல் இடையில் ஒருவர் கைக்குப் போனால் கையூட்டு என்றே எழுதலாம். வீட்டுக்காரரிடம் கட்டணம், கடைக்காரரிடம் பங்கு என்று இரண்டு பக்கமும் நிற்பது நலமுரண். 1972 கட்டடக் கலைஞர்கள் சட்டத்தின் கீழ் 1989இல் வந்த தொழில் நடத்தை விதிகள், வேலையையோ வாடிக்கையாளரையோ அறிமுகம் செய்வதற்காகக் கமிஷன், பரிசு, தள்ளுபடி கொடுப்பதையும் வாங்குவதையும் தடுக்கின்றன. கடைக்கு ஆள் அனுப்பிப் பங்கு வாங்குவதும் அதே குணம்தான்.

டைல்ஸில் போவது பணம். மலைச் சரிவில் தடுப்புச் சுவர் கட்டும் ஒப்பந்ததாரரிடமும் பங்கு வாங்கியவர், சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேற அந்த ஒப்பந்ததாரர் குழாய் வைக்கவில்லை என்றால், இடித்துக் கட்டு என்று எந்த வாயால் சொல்வார்? 2009 நவம்பர் மழையில் நீலகிரி மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததைப் பார்த்த ஊர் இது.

அப்புறம் அண்ணன் ஆர்க்கிடெக்ட்டிடம் நேராகவே பேசினான். அடுத்த டைல்ஸ் பில்லில் புதிதாக ஒன்று எழுதியிருந்தது: கழிவு, சதுர அடிக்கு 6 ரூபாய்.