கௌதேத்தே: மகிழ்ச்சி ஞாயிறும் தாழ்ச்சி என்னும் சொல்லும்

கத்தோலிக்கத் திருவழிபாட்டு ஆண்டில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்காகக் காத்திருக்கும் திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறுக்குக் ‘கௌதேத்தே ஞாயிறு’ என்று பெயர். டிசம்பர் 11 முதல் 17 வரையிலான நாள்களில் ஒன்றில் இது வரும். அன்று குருக்கள் ஊதா உடைக்குப் பதிலாக ரோசா நிற உடை அணியலாம். திருவருகைக் கால வளையத்தில் ரோசா நிற மெழுகுதிரி ஏற்றப்படும். காத்திருப்பின் இறுக்கம் ஒரு நாள் தளர்கிறது என்பதன் அடையாளம் இது.

கௌதேத்தே என்பது இலத்தீன் சொல். மகிழ்தல் என்னும் பொருளுடைய ‘கௌதேரே’ என்ற வினையின் பன்மை ஏவல் வடிவமாகையால், இதற்கு நேர்த்தமிழ் ‘மகிழுங்கள்’ என்பதே. அன்றைய திருப்பலியின் தொடக்கத்தில் வரும் வருகைப் பல்லவியின் முதற்சொல்லே ஞாயிறுக்குப் பெயராகிவிட்டது. தமிழில் நாம் ‘மகிழ்ச்சி ஞாயிறு’ என்று பெயர்ச்சொல்லாக்கிக்கொண்டதால் மூலத்தில் இருந்த ஏவல் மறைந்துவிடுகிறது.

அந்தப் பல்லவி, பவுல் பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தின் நான்காம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டது. ‘ஆண்டவரோடு இணைந்து என்றும் மகிழுங்கள், மீண்டும் கூறுகிறேன், மகிழுங்கள்’ என்று ஏவிய கையோடு, அடுத்த தொடரிலேயே ‘மொதேஸ்தியா’ என்னும் பண்பைப் பவுல் கேட்கிறார். அளவு என்று பொருள்படும் ‘மோதுஸ்’ என்பதிலிருந்து பிறந்த அந்த இலத்தீன் சொல், தன்னளவு அறிந்து நடத்தலைக் குறிக்கும். கிரேக்க மூலத்தில் உள்ள ‘எபியேய்கேஸ்’ என்பதோ, தன் உரிமையை வற்புறுத்தாமல் விட்டுக்கொடுக்கும் இயல்பு. பழைய தமிழ் விவிலியம் இதனைச் ‘சாந்தகுணம்’ என்றது; இன்றைய விவிலியமான பொது மொழிபெயர்ப்பு ‘கனிந்த உள்ளம்’ என்கிறது. பழம் இலத்தீன் பாடலில் இந்தத் தொடர் இருக்க, இன்றைய திருப்பலி நூலின் வருகைப் பல்லவி இதை விட்டுவிட்டு, ஆண்டவர் அண்மையில் இருக்கிறார் என்ற தொடருக்குத் தாவிவிடுகிறது. திருப்பலி வாசகங்களின் மூன்றாண்டுச் சுழற்சியில் மூன்றாம் ஆண்டின் இரண்டாம் வாசகத்தில்தான் அது முழுமையாகக் காதில் விழுகிறது. இழப்புதான் என்பது என் எண்ணம்.

மகிழ்ச்சியை அளவோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய தேவையைத் தமிழ் நன்கறியும். ‘இறந்த வெகுளியின் தீதே சிறந்த உவகை மகிழ்ச்சியின் சோர்வு’ என்னும் குறளில் (531) உவகை என்பது இன்ப உணர்வாகவும், மகிழ்ச்சி என்பது அதனால் தலைக்கேறும் களிப்பாகவும் நிற்கின்றன. அக்களிப்பால் வரும் மறதி, எல்லை கடந்த சினத்தைவிடக் கெடுதல் என்கிறார் வள்ளுவர். அப்படியானால் ‘உவகை ஞாயிறு’ என்பதே பொருத்தமான பெயராகுமோ என்று தோன்றலாம். ஆனால் ‘உவப்பீர்’ என்ற ஏவல் இன்று வழக்கில் இல்லை. ‘மகிழுங்கள்’ என்பதோ எல்லார் வாயிலும் உள்ளது. ஆகவே வழக்கில் உள்ள பெயரே இருக்கட்டும்.

இனித் தாழ்ச்சி. ‘ஹுமிலித்தாஸ்’ என்னும் இலத்தீன் சொல், மண் என்று பொருள்படும் ‘ஹுமுஸ்’ என்பதன் வழிவந்தது. மண்ணோடு ஒட்டிய நிலை என்பது அதன் அடிப்பொருள். தமிழ்க் கத்தோலிக்கர் இதற்குத் ‘தாழ்ச்சி’ என்பர். கோவிலுக்கு வெளியே இச்சொல் குறைபாட்டையே பெரிதும் குறிப்பதால், புதியவர் இதை நற்பண்பாகக் கேட்கும்போது சற்றுத் திகைக்கக்கூடும். பணிவு, அடக்கம் ஆகியவை பிறர்முன் நடந்துகொள்ளும் முறையைச் சொல்ல, தாழ்ச்சி என்பது ஒருவர் நிற்கும் இடத்தையே சொல்வதால், மண்ணை வேராகக் கொண்ட இலத்தீன் சொல்லுக்கு இதுவே நெருக்கமானது. இதற்கு இன்னொரு பழம்பொருளும் உண்டு: காலம் நீட்டித்தல். ‘தாழ்ச்சியுள் தங்குதல் தீது’ என்ற குறளில் (671) அப்பொருளே வருகிறது. வள்ளுவர் தீதென்று விலக்கிய அந்தக் காலநீட்டிப்பு, காத்திருப்பதையே கடமையாகக் கொண்ட ஒரு காலத்தின் நற்பண்புக்குப் பெயராக அமைந்தது தற்செயலே எனினும், எனக்கு மிகவும் பிடித்த தற்செயல்.

இரண்டு சொற்களும் ஒன்றையொன்று தொடும் இடம், லூக்கா நற்செய்தியில் இயேசுவின் தாய் மரியா பாடும் பாடல். மூன்றாண்டுச் சுழற்சியின் இரண்டாம் ஆண்டில், கௌதேத்தே ஞாயிறன்று பதிலுரைப் பாடலாக இது இடம்பெறுகிறது. ‘எனது மனம் பேருவகை கொள்கின்றது’ என்று பாடியவுடனே, ‘ஏனெனில் அவர் தம் அடிமையின் தாழ்நிலையைக் கண்ணோக்கினார்’ என்று மரியா காரணம் கூறுகிறார். இலத்தீன் விவிலியம் இங்கும் ஹுமிலித்தாஸ் என்றே சொல்லும். ஆயினும் லூக்காவின் கிரேக்கச் சொல் சுட்டுவது பண்பை அன்று, எளியவரின் நிலையை. பழைய மொழிபெயர்ப்பு ‘தாழ்மை’ என்று எழுதியதை மாற்றிப் பொது மொழிபெயர்ப்பு ‘தாழ்நிலை’ என்றது சரியான திருத்தம்; ஏனெனில் தன் தாழ்ச்சியைத் தானே பாராட்டிக்கொள்பவராக மரியாவைக் காட்டும் இடர் அதனால் நீங்குகிறது.