மலைப் பண்ணை மனைகளாகாமல் காக்கும் பத்திரம்

அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் பரம்பரை மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் குடும்பங்களை வாட்டும் கேள்வி ஒன்றுதான்: பெரியவர் காலத்துக்குப் பின் நிலம் என்ன ஆகும்? மூன்று பிள்ளைகளில் ஒருவர் மாடு வளர்க்க நினைப்பார். மற்ற இருவர் பங்கைப் பணமாகக் கேட்பார்கள். பக்கத்தில் சுற்றுலா ஊர் இருந்துவிட்டால் ஏக்கர் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விடும். பங்கு கொடுக்க வழியில்லாமல் மனை போட்டு விற்பார்கள். அதற்கு மாற்றுவழிதான் நிலக் காப்பு ஒப்பந்தம்.

நிலம் குடும்பத்தின் பெயரிலேயே இருக்கும். மேய்க்கலாம், புல் அறுத்துக் கட்டலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். மனை பிரிக்கும் உரிமையை மட்டும் விட்டுக்கொடுத்து, ஒரு நில அறக்கட்டளையுடன் பத்திரம் பதிய வேண்டும். நிலம் யார் கைக்குப் போனாலும் வில்லங்கம்போல அதுவும் கூடவே போகும், காலக்கெடு கிடையாது. அறக்கட்டளைக்காரர்கள் ஆண்டுக்கொருமுறை வந்து, வேலி, ஓடை, கொட்டகை எல்லாவற்றையும் முதலில் எடுத்த படங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

மனை போடலாமென்றால் நிலத்தின் மதிப்பு 40 லட்சம் டாலர், மேய்ச்சலுக்கு மட்டுமென்றால் 25 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இடைப்பட்ட 15 லட்சத்தை நன்கொடையாகக் கணக்கிட்டு மத்திய வருமான வரியில் கழிக்கலாம். பொதுவாக ஆண்டு வருமானத்தில் 50 சதவீதம் வரை. வருவாயில் பாதிக்குமேல் பண்ணையிலிருந்து பெறுபவருக்கு 100 சதவீதம் வரை. மிச்சத்தை அடுத்த 15 ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம். 2015-இல் இந்தச் சலுகை நிரந்தரமானது. கொலராடோ மாநிலம் தனியே தரும் வரி வரவை, அதாவது கட்ட வேண்டிய மாநில வரியில் நேரடியாகக் கழித்துக்கொள்ளும் தொகையை, பிறருக்கு விற்றுப் பணமாக்கவும் முடியும். கையில் ரொக்கம் இல்லாத பண்ணைக்காரருக்கு இதுதான் பெரிய உதவி. முழுவதையும் தானமாகத் தர இயலாதவர்களுக்கு, விட்டுக்கொடுக்கும் உரிமையின் மதிப்பில் பொதுவாக 50 சதவீதம் வரை மத்திய வேளாண் துறைத் திட்டத்தில் நிதி கிடைக்கிறது. அந்தப் பணமே இரு பிள்ளைகளின் பங்குக்கு உதவும்; நிலத்தின் விலையும் இறங்கியிருப்பதால், மீதியைக் கொடுத்துப் பண்ணையைத் தக்கவைப்பது மூன்றாமவரின் சக்திக்குள் வந்துவிடுகிறது.

அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம். நிலம் அடமானத்தில் இருந்தால், தன் உரிமை ஒப்பந்தத்துக்குக் கீழ்ப்பட்டதே என்று வங்கி எழுதித் தர வேண்டும். இல்லையேல் வரிச் சலுகை கிடைக்காது. கொலராடோவில் தண்ணீர் உரிமையை நிலத்திலிருந்து பிரித்து விற்க முடியும். வாய்க்கால் தண்ணீர் போய்விட்டால் புல்வெளி காய்ந்துவிடும். ஆகவே அதையும் பத்திரத்தில் கட்டிப்போடுங்கள். பேரனுக்கு ஒரு வீடு கட்ட நினைத்தால், அந்த இடத்தை இப்போதே வரைபடத்தில் வட்டமிட்டுப் பத்திரத்தில் சேர்த்துவிடுங்கள். பிறகு கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.