பருப்புத் தண்ணியில் பருப்பு எங்கே?

"புள்ளைக்கு என்ன ஊட்டுறீங்க?" என்று கேட்டால் புதுக்கோட்டைப் பக்கக் கிராமங்களில் எனக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "பருப்புத் தண்ணி." பருப்பை வேகவைத்து, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் தண்ணீரை மட்டும் இறுத்துக் கொடுப்பார்கள். அடியில் தங்கும் பருப்பு பெரியவர்களின் குழம்புக்குப் போய்விடும். புரதமும் அதோடு போய்விடும்.

ஊட்டச்சத்து ஆலோசகராகப் பால்வாடி பால்வாடியாகப் போய் வருவது என் வேலை. ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பால்வாடியில் சத்துமாவு பாக்கெட் தருகிறார்கள். அப்படியும் எடை போடும் நாளில் தராசு முள் போன மாதம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. சட்டிக்கும் குழந்தையின் வாய்க்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று அடுப்படியில் போய் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

சத்துமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கோதுமை, கேழ்வரகு, கடலை, வெல்லம் எல்லாம் சேர்ந்த நல்ல மாவு. 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரி கிடைக்கவேண்டும் என்பது அரசின் கணக்கு. வீட்டில் அதை 20 கிராம் போட்டு ஒரு டம்ளர் நீர்க்கஞ்சியாகக் காய்ச்சுகிறார்கள். அதில் இருப்பது ஏறக்குறைய 75 கலோரி. பத்து மாதக் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வது சுமார் 200 மில்லி. தண்ணீரிலேயே வயிறு நிரம்பித் தூங்கிவிடும். அந்த வயதில் தாய்ப்பால் போக நாளுக்கு 300 கலோரியாவது உணவிலிருந்து வரவேண்டும். இரண்டு வேளை நீர்க்கஞ்சியில் பாதிதான் தேறும். அதே டம்ளருக்கு மாவை 40 கிராம் ஆக்கி, இறக்கும்போது ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டால், ஒரு வேளையிலேயே 190 கலோரி வந்துவிடுகிறது.

இதை நான் மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். ஒரு பலனும் இல்லை. ஒருநாள் ஓர் அப்பத்தா குறுக்கே கேட்டார்: "ஏத்தா, கெட்டியாக் குடுத்தா புள்ளைக்கு மாந்தம் வந்துராதா?"

அன்றுதான் இரண்டு விஷயம் உறைத்தது. ஒன்று, கஞ்சி நீர்த்துப் போனதற்குக் காரணம் அறியாமையோ சோம்பலோ இல்லை, பிள்ளைக்குச் செரிக்காமல் போய்விடுமோ என்ற பயம். இரண்டாவது, நான் தப்பான ஆட்களிடம் பேசிக்கொண்டிருந்தேன். அம்மாக்கள் காலையிலேயே நூறு நாள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பகல் முழுக்க ஊட்டுவது அப்பத்தாவும் அம்மாச்சியும்தான். நாங்களோ பதினொரு மணிக்கு "தாய்மார்கள் கூட்டம்" போட்டு, வந்த நாலு பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். சுவரில் ஒட்ட எங்களுக்கு வந்த படத்தில் ஆப்பிளும் திராட்சையும் இருந்தன. ரேஷன் பருப்பைக் காணவில்லை!

அப்பத்தாவின் கேள்விக்குப் பதில் அவர்கள் கைப்பக்குவத்திலேயே இருக்கிறது. கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைத்த மாவில் ஒரு ஸ்பூன் எடுத்து, கெட்டிக் கஞ்சி இளஞ்சூடாக இருக்கும்போது கலக்கினால், சற்று நேரத்தில் கண்முன்னே இளகிவிடும். முளையில் உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுகிறது. பிறகு ஒரு கொதி விட்டு இறக்கலாம். தண்ணீர் சேர்க்காததால் சத்து அப்படியே இருக்கும், பிள்ளையும் சுலபமாக விழுங்கும். அந்தக் காலத்தில் கேழ்வரகை முளைகட்டித்தானே கொடுத்தோம் என்று அங்கிருந்த பாட்டிகளே சொன்னார்கள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

இதெல்லாம் புதிதும் இல்லை. 1980இல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கியது. 6 முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் கூடுதல் உணவு, தேறியதும் நிறுத்தம். நிறுத்திய பிறகு சரியாமல் இருக்கவேண்டுமானால் வீட்டுச் சமையல் மாறியிருக்கவேண்டும். அதனால் அந்தத் திட்டத்தில் சொல்லிக்கொடுப்பது ஒப்புக்குச் செய்யும் வேலையாக இல்லை, பாதிப் பளுவை அதுதான் சுமந்தது. இன்று கொடுக்கும் பொருளின் கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற அளவுக்கு, அது எப்படி ஊட்டப்படுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம்.

இப்போது கூட்டத்தைச் சாயங்காலம் ஆறு மணிக்கு மாற்றிவிட்டோம். பேச்சு குறைவு. இரண்டு தட்டு வைப்போம். ஒன்றில் நீர்க்கஞ்சி, மற்றதில் கெட்டிக் கஞ்சி. தட்டைச் சாய்த்தால் ஒன்று ஓடும், மற்றது நிற்கும். கரண்டியில் எடுத்தால் ஒழுகாமல் நிற்கவேண்டும், அதுதான் பதம். அப்புறம் சோறு, பருப்பு, அரை டீஸ்பூன் எண்ணெய், கையில் கிடைத்த முருங்கைக்கீரை எல்லாவற்றையும் பிசைந்து அங்கேயே ஊட்டிக் காட்டுகிறோம்.

சிக்கல் தீர்ந்துவிடவில்லை. போன மாதம் அதே அப்பத்தா வந்து, "நீ சொன்னபடி காய்ச்சுனா பாக்கெட்டு பாதி நாள்லயே தீந்துபோவுது, அப்புறம் என்ன செய்ய?" என்றார். விசாரித்தால் மூத்த பையனுக்கும் அதிலிருந்தே பங்கு போகிறது. அவனுக்கும் பசிக்கும்தானே? மாவு தீர்ந்த நாட்களுக்கு ரேஷன் அரிசியும் பருப்பும் இருக்கிறதே என்றேன். "பருப்பத் தண்ணியா இறுக்காம அப்படியே பிசையணும், அதானே?" என்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்த எடை போடும் நாள் வெள்ளிக்கிழமை.