அந்தப் புத்தகத்தைப் பிள்ளை கையிலிருந்து வாங்காதீர்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி எங்கள் நூலகத்தின் சிறுவர் பிரிவில் அரைமணி நேரம் தேடி, ஒரு யானைக் கதையை எடுத்துக்கொண்டு இரவல் மேசைக்கு வந்தாள். பதினாறு பக்கம். பக்கத்துக்கு இரண்டு வரி, மிச்சமெல்லாம் படம். நான் தேதி முத்திரையைக் கையில் எடுத்துவிட்டேன். அதற்குள் அவளுடைய அப்பா வந்து புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். "என்னம்மா இது, எல்.கே.ஜி. பிள்ளைங்க படிக்கிறது. நல்ல புக்கா எடுக்கத் தெரியாதா?" என்றவர், அவரே உள்ளே போய்ப் பொது அறிவு வினா விடைப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து மேசையில் வைத்தார். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் எடுக்கிற புத்தகம் அது. அவள் ஒன்றும் பேசவில்லை. யானைப் புத்தகத்தை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

அந்த மாதத்தில் மட்டும் இப்படி நடந்தது ஐந்தாவது முறை. வினா விடைப் புத்தகம் இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது, அப்பா கையில். அவள் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

படம் போட்ட புத்தகம் சின்னப் பிள்ளைகளுக்கு, எழுத்து நிறைந்த புத்தகம் பெரிய பிள்ளைகளுக்கு என்று ஒரு கணக்கு நம் வீடுகளில் இருக்கிறது. பதினேழு வருடமாகக் கிளை நூலகங்களில் வேலை பார்க்கிறேன். இந்த ஒரு கணக்கு விரட்டிவிட்ட பிள்ளைகள் அளவுக்குத் தொலைக்காட்சியும் செல்பேசியும்கூட என் நூலகத்திலிருந்து விரட்டவில்லை.

உங்கள் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து 247-உம் தெரியும். சரி. எழுத்து தெரிவது வேறு, வாசிப்பது வேறு. "யா... னை... ஆற்... றில்..." என்று ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக்கொண்டு போகிற பிள்ளைக்கு, வரி முடியும்போது வரியின் தொடக்கம் மறந்துபோயிருக்கும். அந்த நிலையில் இருக்கிற பிள்ளைக்கு இரண்டு வரியும் ஒரு படமும்தான் சரியான அளவு. கூட்டிப் படித்தது சரியா என்று படத்தைப் பார்த்து அதுவே தெரிந்துகொள்ளும். யாரிடமும் திட்டு வாங்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு, நம் மொழிக்கே உரியது. வீட்டில் பிள்ளை "யானை வந்துச்சு, எல்லாரும் ஓடுனாங்க" என்று பேசுகிறது. புத்தகத்தில் "யானை வந்தது, எல்லோரும் ஓடினார்கள்" என்று இருக்கிறது. நமக்கு இரண்டும் ஒன்று. ஏழு வயதுப் பிள்ளைக்குப் பாதி புது மொழி. அதைக் காதால் கேட்டுப் பழகாத பிள்ளையிடம் பக்கம் முழுக்க எழுத்து உள்ள புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, "படிக்கவே மாட்டேங்கிறான்" என்று என்னிடம் வந்து சொல்கிறீர்கள். அவனுக்கு அந்தத் தமிழை யார் வாசித்துக் காட்டினார்கள்? தினமும் பத்து நிமிடம் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். "ஓடினார்கள்" என்று நீங்கள் வாசிக்கக் கேட்டுப் பழகிய பிள்ளை, அச்சில் அதைப் பார்த்ததும் தடுக்காமல் தாண்டிப் போகும்.

படமும் சும்மா அலங்காரத்துக்கு இல்லை. "பாட்டி தூங்கினாள்" என்று வரி சொல்லும், பின்னால் பூனை மீனைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் படம் சொல்லும். வரியில் இல்லாததைப் பிள்ளை கண்டுபிடிக்கிறது. வரிகளுக்கு நடுவே வாசிக்கிற பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. ஒரே புத்தகத்தைப் பத்து முறை எடுத்தால், "இதையே எத்தனை தடவைடா" என்று கோபப்படாதீர்கள். முதல் முறை கதை, மூன்றாம் முறை சொற்கள், ஏழாம் முறை தடங்கல் இல்லாமல் ஓடுகிற வாசிப்பு. இதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களைப் பார்த்திருப்பீர்கள்: நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள். வகுப்பு எண்ணை வைத்துப் பிரித்ததில்லை, வாசிப்புத் திறனை வைத்துப் பிரித்தது. நட என்கிற இடத்தில் இருக்கிற பிள்ளையைப் பற என்று தள்ளினால் அது விழும். விழுந்த பிள்ளை அடுத்த ஞாயிறு வராது.

எங்கள் தொழிலில் எல்லோரும் முதலில் படிப்பது சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகங்களுக்காக வகுத்துத் தந்த ஐந்து விதிகளை. இரண்டாவது விதி: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது: ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். வாசகர் என்றால் உறுப்பினர் அட்டை யார் பெயரில் இருக்கிறதோ அவர். அந்த அட்டையில் இருப்பது உங்கள் மகள் பெயர். (விளையாட்டு வீண் என்கிறவர்களுக்கு ஒன்று: நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்க அவர் உருவாக்கிய கோலன் பகுப்பு முறைக்குப் பொறி தட்டியது, லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ என்கிற கோத்து விளையாடும் பொம்மைச் சாமானைப் பார்த்தபோதுதான்.)

அடுத்து, ஞாயிற்றுக்கிழமைக் கதை நேரம். காலை 11 மணிக்குப் பாய் விரித்து உட்காருவோம். ஒரு கதை, அப்புறம் அந்தக் கதையை ஒட்டி ஏதாவது ஒரு வேலை: காகித முகமூடி, களிமண், சில நாள் வெறும் பாட்டு. இதற்கு வருகிற பெற்றோர் கேட்கிற முதல் கேள்வி, "சான்றிதழ் உண்டா?" இல்லை. பரிசும் இல்லை. யாருக்கு முதலிடம் என்று சொல்லப்போவதும் இல்லை. நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வார விழாவில் போட்டிகள் நடக்கின்றன, அங்கே பரிசு வாங்கட்டும், சந்தோஷம். கதை நேரத்தை விட்டுவிடுங்கள். அன்றைக்கு நல்லபடியாக நடந்ததா என்று நான் பார்ப்பது ஒன்றை வைத்துத்தான்: கதை முடிந்ததும் எத்தனை பிள்ளைகள் தாமாக எழுந்து அடுக்குப் பக்கம் போனார்கள். அதற்காகவே அந்த வாரக் கதையோடு சேர்ந்த புத்தகங்களை முன்னட்டை தெரிய நிறுத்தி வைப்பேன். முதுகு மட்டும் தெரிகிற புத்தகத்தைப் பிள்ளை எடுக்காது.

தயவுசெய்து கதை நடுவில் பின்னாலிருந்து, "சொல்லுடா, உனக்குத்தான் தெரியுமே" என்று முதுகில் தட்டாதீர்கள். படம் எடுக்க எழுப்பி நிறுத்தாதீர்கள். வீட்டுக்குப் போனதும் "இந்தக் கதையிலிருந்து என்ன கத்துக்கிட்ட?" என்று கேட்காதீர்கள். "உனக்கு எது பிடிச்சிருந்தது?" என்று கேளுங்கள். ஒன்றும் பிடிக்கவில்லை என்றால் அதுவும் பதில்தான்.

புத்தகம் கடினமாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கட்டும். ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், பிள்ளை தனியாக வாசிக்க வேறொன்று எடுக்கட்டும். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் மூடி வைக்க விடுங்கள். மே மாதம் கூட்டமாக வந்துவிட்டு ஜூனில் காணாமல் போகாதீர்கள். பள்ளி நாட்களில் வாரம் ஒரு மணி நேரம் போதும். ஆறு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டு இருட்டியதும் வராதீர்கள். நான் ஒருத்திதான் இருக்கிறேன், இரவலும் பார்க்க வேண்டும், வாசலையும் பார்க்க வேண்டும். பிள்ளை சாலைக்கு ஓடினால் எனக்குத் தெரியாது.

பணம் ஒரு தடை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1948-லேயே இந்த மாநிலத்துக்குப் பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. நீங்கள் கட்டுகிற சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் சேர்ந்து போகிறது. இங்கே இருக்கிற யானைப் புத்தகம் ஏற்கெனவே உங்கள் காசில் வாங்கியதுதான்.

கடைசியாக, கிழிந்த புத்தகம். இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். பிள்ளை கையில் போகிற புத்தகம் கிழியும். கிழிந்தால் பிள்ளையை அடிக்காதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். அது இரண்டு வருடத்தில் மஞ்சளாகிப் பக்கத்தையும் கெடுத்துவிடும், அப்புறம் என்னாலும் சரிசெய்ய முடியாது. அப்படியே கொண்டு வாருங்கள். மெல்லிய தாளும் பசையும் என் மேசையிலேயே இருக்கின்றன. நான்காம் வகுப்புப் பையன் ஒருவன், வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தவன், திடீரென்று நின்றுவிட்டான். ஒன்றரை வருடம் கழித்து அவன் அம்மா ஒரு புத்தகத்தைத் துணிப்பையில் சுற்றி எடுத்து வந்தார். தம்பி பாப்பா ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டதாம், அபராதம் எவ்வளவு கேட்பார்களோ என்று பயந்து இந்தப் பக்கமே வரவில்லையாம். அவர் எதிரிலேயே ஒட்டிக் கொடுத்தேன். ஐந்து நிமிடம் ஆனது.