இரவு மின்சாரத்தில் குளிரைச் சேமிப்பது: நேரவாரிக் கட்டணத்தை மலையகத்தில் பயன்படுத்தும் வழி

கண்டியில் ஹோட்டல் நடத்துகிறீர்களா, நுவரெலியாப் பக்கம் பால் குளிரூட்டும் நிலையம் வைத்திருக்கிறீர்களா? முதலில் மின்பட்டியலை எடுத்துக் கட்டண வகையைப் பாருங்கள். எச்-2 (ஹோட்டல்), ஐ-2 (கைத்தொழில்), ஜிபி-2 (பொதுத் தேவை) என்று இருந்தால் உங்கள் மீட்டர் ஒரு நாளை மூன்றாகப் பிரித்துக் கணக்கெடுக்கிறது: காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல், அங்கிருந்து இரவு 10.30 வரை உச்ச நேரம், அப்புறம் விடியற்காலை 5.30 வரை உச்சமற்ற நேரம். 42 கேவிஏக்கு (ஒரே நேரத்தில் எடுக்கும் மின்சுமையின் அளவு) மேல் ஒப்பந்தம் செய்த இணைப்புகள் இவை. உச்ச நேர அலகுதான் ஆகக் கூடிய விலை, பின்னிரவு அலகு ஆகக் குறைந்த விலை. விலைகளைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறது. திருத்தங்கள் வருவதால் ரூபாய்க் கணக்கைக் கடைசிப் பட்டியலை வைத்தே போடுங்கள்.

விருந்தினர் அறைக்குத் திரும்பும் ஏழு மணிக்கு ஏசி முழு வேகத்தில் ஓடினால், மலிவு அலகு இருந்தும் பயனில்லை. குளிரை இரவிலேயே உண்டாக்கித் தொட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெறும் தண்ணீரில் சேமித்தால் தொட்டி மிகப் பெரிதாகும். ஒரு கிலோ தண்ணீர் ஒரு பாகை சூடேற ஏறக்குறைய 4.2 கிலோஜூல் போதும். ஒரு கிலோ பனிக்கட்டி உருகவோ 334 கிலோஜூல் வேண்டும். அந்தப் பனியை நுண்ணிய துகள்களாகத் திரவத்தில் மிதக்கவிட்டால் கூழ் போலாகும், பம்பினால் குழாயில் அனுப்பலாம்.

பால் நிலையத்துக்குப் பனியே சரி. 100 லிட்டர் பாலை 35 பாகையிலிருந்து 4 பாகைக்கு இறக்க ஏறக்குறைய 37 கிலோ பனி உருகும். இரவில் சேர்த்த பனி, காலைப் பால் வந்து இறங்கும்போது தயாராக இருக்கும்.

ஏசிக்கு அப்படியில்லை. அதற்கு 7 பாகைத் தண்ணீர் போதும். பனிக்காகப் பூச்சியத்துக்குக் கீழே போனால் இயந்திரம் அதே குளிருக்குக் கூடுதல் மின்சாரம் எடுக்கும். டெட்ராபியூட்டைல் அம்மோனியம் புரோமைடு என்ற உப்பைத் தண்ணீரில் கரைத்தால், செறிவைப் பொறுத்து 5 முதல் 12 பாகைக்குள்ளேயே படிகக் கூழாகிறது. ஜப்பானில் கட்டட ஏசிகளில் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஹோட்டல்காரர்கள் விசாரிக்க வேண்டியது இதைத்தான் என்பது என் எண்ணம். நம் மலை இரவுகளின் குளிரும் கைகொடுக்கும்: வெளிக்காற்று குளிர்ந்திருந்தால் இயந்திரம் வெப்பத்தைச் சுலபமாக வெளியே தள்ளும்.

மாதத்தில் ஏறிய ஆகக் கூடிய கேவிஏக்கும் தனிக் கட்டணம் உண்டு. ஆகவே தொட்டிக்கு விலை கேட்குமுன் பன்னிரண்டு மாதப் பட்டியல்களை எடுத்து, மூன்று நேர அலகுகளையும் கேவிஏயையும் தனித்தனியாக எழுதுங்கள். உச்ச நேரத்தில் ஏசி எடுக்கும் பங்கு சிறிதென்றால் தொட்டி வாங்காதீர்கள்.