பித்தப்பை போன பிறகு பித்தநீர் எங்கே போகிறது?

பித்தநீரைச் சுரப்பது பித்தப்பை அல்ல, கல்லீரல். ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை சுரக்கிறது. அதில் கொஞ்சத்தைச் சேர்த்துக் கெட்டியாக்கி, கொழுப்புள்ள சாப்பாடு வந்ததும் பிழிந்துவிடுவதுதான் பித்தப்பையின் வேலை. பையை எடுத்த அன்றும் கல்லீரல் ஓய்வதில்லை. அறுவைக்குப் பிறகு வரும் தொல்லைகளில் பல, இந்த ஓயாத ஓட்டத்தால் வருபவை.

முதல் நாள் வரும் தோள்வலி அந்த வகை இல்லை. பித்தப்பையை எடுக்க 1985-இல் ஜெர்மனியின் எரிக் மூஹே என்ற அறுவை மருத்துவர் தொடங்கிய லேப்ராஸ்கோபி (சிறு துளைகள் வழியே செய்யும் அறுவை) முறையில், கார்பன் டை ஆக்சைடு செலுத்தி வயிற்றை உப்பவைப்பார்கள். அது மார்புக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள தசையான உதரவிதானத்தை உறுத்தும். உதரவிதானத்துக்கும் தோளுக்கும் உணர்வு நரம்புகள் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியிலிருந்து வருவதால், மூளை அதைத் தோள்வலி என்று எடுத்துக்கொள்கிறது. வாயு உறிஞ்சப்பட்டதும் சில நாளில் அடங்கிவிடும்.

கவனிக்க வேண்டியது வயிற்று வலியை. அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்து வந்த வலி முதல் வாரத்திலேயே திரும்ப ஏறி, காய்ச்சல், உப்பல், வாந்தி என்று சேர்ந்தால், "கேஸாக இருக்கும்" என்று மாத்திரை போட்டுக் காத்திருக்கவே கூடாது. பித்தப்பையை எடுக்க வெட்டிய அதன் குழாயின் முனையில் போட்ட கிளிப் நழுவியிருக்கலாம். பித்தப்பை ஒட்டியிருந்த இடத்தில் ஒரு நுண்ணிய நாளம் திறந்திருக்கலாம். பித்தநீர் வயிற்றுக்குள் கசிந்துகொண்டிருக்கும்.

ஸ்கேனில் தேங்கிய நீர் தெரிந்தால் தோல்வழியே குழாய் வைத்து வடிப்பார்கள். அடுத்துச் செய்வது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது: ஓட்டையை யாரும் தைப்பதில்லை. கல்லீரலிலிருந்து பித்தநீரைக் கொண்டுவரும் பொதுப் பித்தநாளம் சிறுகுடலில் திறக்கும் வாயிலை ஒரு வளையத்தசை இறுக்கிப் பிடித்திருக்கிறது. எண்டோஸ்கோப்பை வாய்வழியே செலுத்தி (ஈ.ஆர்.சி.பி.) அந்த வாயிலில் சிறு ஸ்டென்ட் (குழல்) வைத்தால் நாளத்துக்குள் அழுத்தம் இறங்கிவிடும். கரை கசியும் ஏரியில் மடையைத் திறந்துவிடுவது போலத்தான். பித்தநீர் சுலபமான வழியில் குடலுக்குப் போக, கசிந்த இடம் காய்ந்து தானாக ஆறுகிறது. சில வாரங்களில் ஸ்டென்ட்டை மறக்காமல் எடுத்துவிட வேண்டும். விட்டால் அடைத்துக்கொண்டு கிருமித் தொற்று வரும். பொதுநாளமே வெட்டுப்பட்டிருந்தால் கதை வேறு. அதைக் குடலோடு இணைத்துச் சீரமைக்கக் கல்லீரல் அறுவையில் தேர்ந்த கை வேண்டும்.

கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, மலம் வெளுத்தால் நாளத்தில் கல் தங்கியிருக்கலாம், அல்லது நாளமே அடைபட்டிருக்கலாம். குடலுக்குப் போக வேண்டிய நிறமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்று பொருள். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

சாப்பிட்டதும் பேதியாவது அவ்வளவு பயப்படத் தக்கதல்ல. சேமிக்கப் பை இல்லாததால் பித்தநீர் இடைவிடாமல் வடிந்து, ஒரு பகுதி பெருங்குடலை எட்டி நீரை இழுக்கிறது. பெரும்பாலும் குடல் பழகிக்கொள்ளும். இல்லாவிட்டால் பித்த அமிலத்தைப் பிடித்துவைக்கும் கொலஸ்டிரமின் தூள் உதவும். எண்ணெயைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிட்டால் முதல் வாரங்கள் எளிதாகக் கழியும். ஆனால் வெறும் கஞ்சியிலேயே நோயாளியை மாதக்கணக்கில் வைத்திருப்பது தவறு. புண் ஆறப் புரதம் வேண்டும். இட்லி, பருப்பு, வேகவைத்த மீன், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் கொடுக்கலாம்.