ட்ரெய்லரை நம்பிப் போகும் முன்: ஓர் எடிட்டர் சொல்வது

ட்ரெய்லர் வெட்டுவதுதான் பல வருடங்களாக என் வேலை. “ட்ரெய்லர்ல ஒண்ணு காட்டிட்டு, படத்துல வேற ஒண்ணு வெச்சிருக்காங்க” என்று யாராவது சலித்துக்கொண்டால், அந்த வார்த்தை எனக்கே சொன்னதாக எடுத்துக்கொள்வேன். அதைச் செய்கிற கைகள் எங்களுடையவை. அது எப்படி நடக்கிறது என்று டிக்கெட் எடுப்பவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு படம் வந்தது. மறதி நோய் வந்த அப்பா, அவரைப் பார்த்துக்கொள்ள வீடு திரும்பும் மகள். நிதானமாக நகர்ந்து மனதைப் பிசைகிற கதை. ஃபுட்டேஜோடு ஓர் உத்தரவும் வந்தது: “த்ரில்லர் மாதிரி வெட்டிக் கொடுங்க.” படத்தில் ஓர் இரவு அப்பா எழுந்துபோய், பழம் நறுக்கக் கத்தியை எடுப்பார். அதற்கு நாற்பது நிமிடம் கழித்து, வேறொரு காட்சியில், மகள் ஜன்னலோரம் நின்று தம்பி வருகிறானா என்று பார்ப்பாள். நான் கத்தியை முன்னால் வைத்தேன். 18 ஃப்ரேம், அதாவது முக்கால் நொடி. உடனே மகளின் முகம். கத்தியின் சத்தத்தைக் கொஞ்சம் கூர்மையாக்கி, அவள் முகத்துக்கு அடியில் மூச்சு வாங்கும் ஒலி ஒன்றைப் போட்டேன். அப்புறம் இருட்டு, ஒரு பெரிய அதிர்வு. தம்பிக்காகக் காத்திருந்த பெண் மூன்றே நொடியில் அப்பாவைக் கண்டு நடுங்குகிறவளாகிவிட்டாள். இரண்டு ஷாட்டும் படத்தில் இருப்பவைதான்.

இந்த வித்தை பழையது. கிட்டத்தட்ட நூறு வருடங்களுக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர், ஒரு நடிகரின் சலனமில்லாத முகத்தை சூப் கிண்ணத்தோடும், சவப்பெட்டியோடும், ஒரு பெண்ணோடும் மாற்றி மாற்றிச் சேர்த்துக் காட்டினார். முகம் ஒன்றேதான். பார்த்தவர்களுக்கு அதில் பசியும் துக்கமும் ஆசையும் தெரிந்ததாகச் சொல்வார்கள். எடிட்டிங் படிக்கிற எல்லோருக்கும் முதல் பாடங்களில் ஒன்று இது. 2005-ல் நியூயார்க்கில் ஓர் உதவி எடிட்டர் ஒரு போட்டிக்காக, ‘தி ஷைனிங்’ என்ற திகில் படத்தின் காட்சிகளையே எடுத்து, அதை மனதுக்கு இதமான குடும்பப் படம் போலக் காட்டும் ட்ரெய்லராக வெட்டினார். எது வேண்டுமானாலும் செய்யலாம் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

என் ட்ரெய்லருக்குக் கூட்டம் வந்தது. முதல் நாள் நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடத்தில் முன்வரிசைகளில் போன் வெளிச்சம் தெரிய ஆரம்பித்தது. எனக்கு முன்னால் இருந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம், “எப்பப்பா கொலை நடக்கும்?” என்று கேட்டார். கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே காத்திருந்தார். அப்பா மகளின் பெயரை மறந்துபோகும் காட்சியில் யாரோ சிரித்தார்கள். கொலைக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்தவர்களுக்கு அந்த அப்பாவின் கண் எப்படித் தெரியும்?

அதைவிட வலித்தது இன்னொன்று. அந்தப் படத்தைப் பார்த்து உருகியிருக்கக்கூடியவர்கள் அன்று அரங்கிலேயே இல்லை. கொலைப் படம் நமக்கு எதற்கு என்று வீட்டில் இருந்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம், படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களிடம் மதிப்பெண் வாங்கும். 2017-ல் வந்த ‘இட் கம்ஸ் அட் நைட்’ படத்தை விமர்சகர்கள் பாராட்டினார்கள். ரசிகர்கள் ‘டி’ என்ற மிகக் குறைந்த தரத்தைப் போட்டார்கள். பேரையும் ட்ரெய்லரையும் பார்த்தவர்கள் இரவில் ஏதோ ஒன்று வரும் என்று போனார்கள். படமோ ஒரு குடும்பத்தின் பயத்தையும் சந்தேகத்தையும் பற்றியது. படம் மோசம் என்று அந்த ‘டி’யை நான் படிக்க மாட்டேன். கேட்டது கிடைக்கவில்லை என்ற கோபம் அதில் இருக்கிறது.

எல்லா வித்தியாசத்தையும் மோசடி என்று சொல்லிவிட முடியாது, சரி. பல சமயம் படத்தின் ஃபைனல் கட், அதாவது கடைசி வடிவம், முடியும் முன்பே ட்ரெய்லர் போய்விடும். நாங்கள் போட்ட ஷாட் பிறகு படத்திலிருந்து தூக்கப்படும். 2018-ல் வந்த ‘அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்’ படத்தின் ட்ரெய்லரில் ஹல்க் என்ற நாயகன் மற்றவர்களோடு ஓடிவருவார், படத்தில் அந்தக் காட்சியே கிடையாது. கதையின் முடிச்சைக் காப்பாற்ற அப்படிச் செய்வதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். அங்கே மறைக்கப்பட்டது ஒரு திருப்பம்தான். அது எந்த மாதிரிப் படம் என்பதில் யாருக்கும் குழப்பம் வரவில்லை. ஆனால் 2023-ல் வந்த ‘வோங்கா’, 2024-ல் வந்த ‘மீன் கேர்ள்ஸ்’ இரண்டும் பாட்டுப் படங்கள். ட்ரெய்லர்களில் அது பெரும்பாலும் மறைக்கப்பட்டது. பாட்டு பிடிக்காதவரை அழைத்துவந்து உட்காரவைத்துப் பாடுவது, எனக்கு நியாயமாகப் படவில்லை.

சட்டம் காப்பாற்றுமா என்று கேட்பார்கள். பெரிதாக நம்ப வேண்டாம். ‘யெஸ்டர்டே’ (2019) ட்ரெய்லரில் நடிகை அனா டி அர்மாஸைப் பார்த்துப் படத்தை வாடகைக்கு எடுத்த இரண்டு பேர், படத்தில் அவர் இல்லவே இல்லை என்று 2022-ல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். ட்ரெய்லரும் விளம்பரம்தான், பொய் விளம்பரச் சட்டம் அதற்கும் பொருந்தும் என்று அந்த டிசம்பரில் நீதிபதி சொன்னார். ஆனாலும் வழக்கு கடைசியில் அவர்களுக்குச் சாதகமாக முடியவில்லை. இந்தியாவில் ‘ஃபேன்’ (2016) படத்தின் விளம்பரத்தில் வந்த பாட்டு படத்தில் இல்லை என்று ஒரு ரசிகை நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். மாநில, தேசிய ஆணையங்கள் அவர் பக்கம் நின்றன. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: விளம்பர ட்ரெய்லர் ஓர் ஒப்பந்தம் ஆகாது, அந்தப் பாட்டு இல்லாதது சேவைக் குறைபாடும் ஆகாது.

அதனால் பார்க்கிறவர் கண்தான் காவல். எடிட்டிங் டேபிளில் இருந்து சில விஷயங்கள் சொல்கிறேன். சண்டைத் துண்டுகளில் சட்டையைப் பாருங்கள். எட்டு அடி விழுந்தும் சட்டையும் இடமும் ஒன்றே என்றால், படத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரே சண்டை. ஒருவர் கேள்வி கேட்கிறார், அடுத்தவர் பதில் சொல்கிறார், ஆனால் இருவரும் ஒரே ஃப்ரேமில் வரவில்லை என்றால், அந்தப் பதில் வேறு ஏதோ கேள்விக்குச் சொன்னதாக இருக்கலாம். ஆள் முகம் தெரியாமல் குரல் மட்டும் வரும் வசனம் எங்கிருந்தும் வந்திருக்கலாம். பெரிய நடிகர் வருகிற ஷாட் எல்லாம் ஒரே அறையில் இருந்தால், அவர் வருவது ஒரு காட்சிக்குத்தான் என்று சந்தேகப்படுங்கள்.

அப்புறம் சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு தடவை ஓடவிடுங்கள். ட்ரெய்லர் இசை பல நேரம் படத்தின் இசையே கிடையாது, அதற்கென்று தனியாக வாங்கியது. அது போனபின் மிஞ்சுவது மனிதர்கள் பேசுவதும் நடப்பதுமாக இருந்தால், படமும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். என் அந்தப் பழைய ட்ரெய்லரைச் சத்தமில்லாமல் பார்த்தால், ஜன்னலில் நிற்கிற பெண் யாருக்காகவோ காத்திருக்கிறாள் என்பது யாருக்கும் புரிந்துவிடும்.

முதல் நாள் பார்த்துவிட்டு வந்த நண்பரிடம் “நல்லா இருக்கா?” என்று கேட்காதீர்கள். அது அவருடைய ருசி. “என்ன மாதிரி படம்?” என்று கேளுங்கள்.